அயோத்திதாசப் பண்டிதர்

அயோத்திதாசப் பண்டிதர் (மே 20, 1845 – மே 5, 1914) சென்னை மாகாணத்தில் வாழ்ந்த சித்த மருத்துவர், தமிழறிஞர், இதழாசிரியர், சமூகச் சீர்திருத்தவாதி ஆவார். தென்னிந்தியாவில் பௌத்தத்தை மீண்டும் ஓர் இயக்கமாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர். 1907ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் தமிழன் எனப் பெயர் மாறிய இவ்விதழ், பௌத்த அறத்தின் அடிப்படையில் சாதி ஒழிப்பையும் ஒடுக்கப்பட்டோரின் உரிமைகளையும் முன்வைத்தது. ஏறத்தாழ ஏழாண்டுகள் இதழை நடத்திய அயோத்திதாசர் மறைந்ததும் அது நலிவுற்றது. பின்னர் கோலார் தங்கவயலில் மீண்டும் உயிர்பெற்று, 1930களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. அதன் பிறகு பொதுநினைவிலிருந்து மறைந்திருந்த அயோத்திதாசரின் எழுத்துகள், 1999ஆம் ஆண்டு முதல் தொகுதிகளாக வெளியிடப்பட்டபோது பரவலான கவனத்தைப் பெற்றன.

இளமையும் கல்வியும்

அயோத்திதாசரின் இயற்பெயர் காத்தவராயன். தந்தையார் பெயர் கந்தசாமி. தமிழ்க் கல்வியும் சித்த மருத்துவமும் வழிவழியாக வந்த குடும்பத்தில் பிறந்த இவர், வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராயப் பண்டிதர் என்பவரிடம் இலக்கணம், இலக்கியம், மருத்துவம் ஆகியவற்றைக் கற்றார். ஆசிரியர் மீது கொண்ட பற்றினால் அவருடைய பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் பயிற்சி பெற்றிருந்தார்.

இவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அலுவலரிடம் சமையற்காரராகப் பணியாற்றியவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடியார் முதலிய நூல்களின் ஓலைச்சுவடிகளைக் கந்தப்பன் ஆரிங்டனிடம் கொடுத்தார் என்றும், அவை எல்லிசுத் துரையின் கைக்குச் சென்று அச்சேற உதவின என்றும் அயோத்திதாசர் பதிவு செய்துள்ளார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்றில் தமிழின் தலையாய அறநூல் பாதுகாக்கப்பட்டு வந்தது என்னும் இச்செய்தி அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு ஓர் அடித்தளமாக அமைந்தது. கல்வியும் அறநூல்களும் தம் மக்களுக்குப் புதியவை அல்ல, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் நிறுவ முயன்ற கருத்தாகும்.

இவர் இரட்டைமலை சீனிவாசனின் சகோதரியான தனலட்சுமியை மணந்தார். மருத்துவத் தொழிலே இவருடைய வாழ்க்கைக்கு ஆதாரமாக இருந்தது. சிறுவயதில் கைகால் முடக்கத்தால் துன்புற்ற திரு. வி. கலியாணசுந்தரனார் இராயப்பேட்டையில் இவரிடம் மருத்துவம் பெற்று நலமடைந்தார். இதனைத் திரு. வி. க. தம் வாழ்க்கை வரலாற்று நூலில் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார்.

தொடக்கக்காலப் பொதுப்பணி

அயோத்திதாசர் தம் வாழ்வின் ஒரு பகுதியை நீலகிரியில் கழித்தார். 1870களில் அங்கு அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை உருவாக்கினார். உயிர்களிடையே வேறுபாடு இல்லை எனக் கூறும் அத்வைதத் தத்துவம் சாதி வேறுபாட்டையும் மறுக்க வேண்டும் என்பது அக்காலத்தில் அவருடைய எதிர்பார்ப்பாக இருந்தது. சமய வாழ்க்கையில் அது நடைமுறைக்கு வராததைக் கண்டபின் அவருடைய நோக்கு மாறத் தொடங்கியது.

1885ஆம் ஆண்டு ஜான் இரத்தினம் அடிகளாருடன் இணைந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். ஒடுக்கப்பட்ட மக்கள் இந்துக்கள் அல்லர், இந்நாட்டின் பூர்வகுடிகள் என்னும் கருத்தை 1880களிலேயே முன்வைத்தார். பஞ்சமர், பறையர் முதலிய பெயர்களை ஏற்க மறுத்து, சாதிபேதமற்ற திராவிடர் என்னும் சொற்றொடரைப் பயன்படுத்தினார். திராவிடர் என்னும் சொல்லை அரசியல் அடையாளமாக அவர் கையாண்டது நீதிக்கட்சி தோன்றுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்பது குறிப்பிடத்தக்கது.

1891ஆம் ஆண்டு திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அதன் மாநாடு அவ்வாண்டு திசம்பர் 1 அன்று உதகமண்டலத்தில் நடைபெற்றது. அதில் நிறைவேற்றப்பட்ட பத்துத் தீர்மானங்கள் அரசுக்கும் இந்திய தேசிய காங்கிரசுக்கும் அனுப்பப்பட்டன. பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்தும் உரிமை, சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கும் சட்டம், கல்விச் சலுகை, அரசுப் பணி, உள்ளாட்சி அமைப்புகளில் இடம், சிறைச்சாலையில் துப்புரவுப் பணியை ஒரு சாராருக்கு மட்டும் ஒதுக்கும் விதியை நீக்குதல் ஆகியவை அத்தீர்மானங்களில் அடங்கியிருந்தன.

1892ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நீலகிரியின் சார்பாளராகக் கலந்துகொண்டார். ஒடுக்கப்பட்டோருக்குக் கோயில் நுழைவுரிமை வேண்டும் என்று அங்கு அவர் கேட்டபோது, சிவனும் திருமாலும் அவர்களுக்குரிய தெய்வங்கள் அல்லர், அவர்களுக்குக் கிராம தேவதைகளே உரியவை என்னும் பொருளில் தஞ்சாவூரைச் சேர்ந்த சிவராம சாத்திரி என்பவர் பதிலளித்தார். அவ்வாறாயின் அத்தெய்வங்கள் எங்களுக்குத் தேவையில்லை, கல்வியும் நிலமும் வேண்டும் என்பதே அயோத்திதாசரின் நிலைப்பாடாக அமைந்தது. நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலங்களும் வழங்க வேண்டும் எனக் கோரினார். இந்து சமயத்துக்குள் நின்று உரிமை பெற இயலாது என்னும் முடிவுக்கு அவர் வருவதற்கு இந்நிகழ்வு முக்கியக் காரணம் எனலாம்.

பௌத்தத்தை ஏற்றல்

1890களில் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், அடையாறு சுற்றுவட்டாரத்தில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். அவற்றுள் முதலாவது 1894ஆம் ஆண்டு ஊரூரில் திறக்கப்பட்டது. அயோத்திதாசர் ஆல்காட்டைச் சந்தித்து, தம் மக்கள் பண்டைய பௌத்தர்களே என்றும், மீண்டும் அச்சமயத்துக்குத் திரும்ப உதவி வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

1898ஆம் ஆண்டு ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்றார். உடன் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியும் சென்றார். கொழும்பு மாளிகாகந்தையில் அமைந்த வித்தியோதய பிரிவேனாவின் தலைவர் இக்கடுவை சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். சென்னை திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொற்பொழிவுகள் நடைபெற்றன. திருமணம், பெயரிடல், இறுதிச் சடங்கு ஆகியவை பௌத்த முறைப்படி நடத்தப்பட்டன. வேதியியல் பேராசிரியரும் பௌத்த அறிஞருமான பொ. இலட்சுமிநரசு, பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடியான ம. சிங்காரவேலர் ஆகியோர் சென்னையின் பௌத்தப் பணிகளில் ஈடுபட்டிருந்தனர்.

சங்கத்தின் சொற்பொழிவுகளைக் கேட்க இராயப்பேட்டைக்கு வர இயலாதவர்களே மிகுதி. அவர்களைச் சென்றடைய ஓர் இதழ் தேவைப்பட்டது.

ஒரு பைசாத் தமிழன்

ஒடுக்கப்பட்டோர் நடத்திய இதழ்களுக்குத் தமிழில் அதற்கு முன்பே ஒரு மரபு இருந்தது. 1869ஆம் ஆண்டு தோன்றிய சூரியோதயம் தொடங்கி, பஞ்சமன், மகாவிகடதூதன், பூலோக வியாசன் முதலிய இதழ்கள் வெளிவந்துள்ளன. 1893ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகக் கருதப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சூட்டிக்கொள்வது சீனிவாசனின் வழி. அப்பெயரே பகைவரால் திணிக்கப்பட்டது, அதனை ஏற்பது தோல்வியை ஏற்பதாகும் என்பது அயோத்திதாசரின் வாதம். நெருங்கிய உறவினரான இருவருக்கும் இடையே இக்கருத்து வேறுபாடு இறுதிவரை நீடித்தது. தாம் தொடங்கிய இதழுக்கு அயோத்திதாசர் தமிழன் என்னும் பெயரைத் தேர்ந்ததை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

இதழின் முதல் எண் 1907ஆம் ஆண்டு சூன் 19, புதன்கிழமை அன்று வெளிவந்தது. நான்கு பக்கங்கள் கொண்ட அவ்விதழின் விலை ஒரு பைசா, அதாவது காலணா. அக்கால நாணய முறையில் ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்பதால், ஓராண்டின் 52 இதழ்களுக்கும் சேர்த்து 13 அணாவே ஆகும். கூலித் தொழிலாளர்களும் வாங்கக்கூடிய விலை அது. விலையே இதழின் பெயரிலும் இடம்பெற்றது. மேல், இடை, கடை என்னும் நிலைகளைப் பகுத்தறிய இயலாதிருக்கும் மக்களுக்கு நீதியையும் நேர்மையையும் கற்பிக்கத் தத்துவம், இயற்கை அறிவியல், கணிதம், இலக்கியம் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் கூடி இதழை நடத்துவதாகத் தொடக்க எண் அறிவித்தது. வாசகர்களின் விருப்பத்திற்கு இணங்க, 1908ஆம் ஆண்டு ஆகத்து 26 முதல் இதழின் பெயர் தமிழன் எனச் சுருக்கப்பட்டது.

உள்ளடக்கம்

தமிழன் ஒரு சமய இதழாக மட்டும் அமையவில்லை. உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்திகள், வேளாண்மை, மழை நிலவரம், மருத்துவக் குறிப்புகள், மகளிர் பகுதி, நூல் அறிமுகம், வாசகர் கடிதங்கள், வினா விடை ஆகியவை அதில் இடம்பெற்றன. சிற்றூர்களில் கிணற்று நீர் மறுக்கப்பட்டமை, பள்ளியில் சேர்க்க மறுத்தமை, நிலம் பறிக்கப்பட்டமை முதலியவை பற்றிய முறையீடுகளும் வெளியிடப்பட்டன. வாசகர் எழுப்பும் ஐயத்துக்கு ஆசிரியர் இலக்கியச் சான்றுகளுடன் விடை கூறுவது இதழின் தனித்தன்மையாக இருந்தது. ஒரு சொல்லின் பொருளைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கான விடை பல வாரங்கள் நீளும் கட்டுரைத் தொடராக வளர்ந்ததும் உண்டு.

இதழில் தொடராக வெளிவந்தவற்றுள் இந்திரர் தேச சரித்திரம், புத்தரது ஆதிவேதம் ஆகியவை முதன்மையானவை. ஐம்புலன்களை வென்ற புத்தருக்கு ஐந்திரர் என்னும் பெயர் உண்டு, அதுவே இந்திரர் என மருவியது, அவர் அறம் பரவிய நாடே இந்திய நாடு என்று முதல் நூல் வாதிடுகிறது. பௌத்த அறவோரான உண்மை அந்தணர்களை யதார்த்த பிராமணர் என்றும், பின்னர் அவர்களைப் போல வேடம் புனைந்து வந்தவர்களை வேஷ பிராமணர் என்றும் அவர் பிரித்தார். வேடதாரிகளை எதிர்த்த பௌத்தர்களே இழிந்தோராக ஒதுக்கப்பட்டனர் என்பது அவருடைய விளக்கம். அந்த வகையில் தீண்டாமை என்பது பிறப்பின் விளைவன்று, தோற்கடிக்கப்பட்டதன் விளைவு ஆகிறது.

மக்கள் கொண்டாடும் விழாக்களுக்கும் அவர் பௌத்தப் பொருள் கூறினார். போகி என்பது புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாளின் நினைவான போதிப் பண்டிகை, தீபாவளி என்பது எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறை கண்டறியப்பட்டதன் கொண்டாட்டம், கார்த்திகை விளக்கு என்பது ஆமணக்கு நெய்யின் கண்டுபிடிப்போடு தொடர்புடையது என்று எழுதினார். ஔவையாரையும் கிராம அம்மன்களையும் பௌத்தப் பெண் துறவியராகக் கண்டார். திருக்குறளைத் திரிபிடகத்தின் வழிவந்த நூல் எனக் கொண்டு, திரிக்குறள் என்று குறித்து உரை எழுதினார். அவ்வுரை அவர் மறைவால் முற்றுப்பெறவில்லை. கோபாலகிருட்டிண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை வழியாகப் பரவிய கதையை மறுத்து, நந்தனைப் பௌத்த அரசனாகக் காட்டும் நந்தன் சரித்திர தந்திரம் என்னும் தொடரையும் எழுதினார்.

அரசியல் நிலைப்பாடுகள்

தமிழன் தொடங்கப்பட்ட காலம் வங்கப் பிரிவினைக்குப் பிந்திய சுதேசி எழுச்சியின் காலம் ஆகும். அயோத்திதாசர் சுதேசி இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். உடன்வாழும் மனிதனுக்குக் குடிநீர் மறுப்போர் சுதேசி பேசுவதற்கு உரிமை உடையவர்களா என்னும் வினாவைப் பல கட்டுரைகளில் எழுப்பினார். தன்னாட்சி வழங்கப்பட்டால் அதிகாரம் ஒரு சாதியின் கையிலேயே குவியும் என அஞ்சினார். நிலத்தில் உழைப்போருக்கும் பூர்வகுடிகளுக்கும் ஆட்சியில் பங்கு வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அவர் ஓர் அரசியல் களமாகக் கண்டார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை முன்னிட்டு, கோயிலுக்குள் நுழைய இயலாதோர், பிராமணப் புரோகிதர் இல்லாதோர் முதலியோரை இந்துக்களிடமிருந்து தனித்துக் கணக்கிடுவது பற்றிக் கணக்கெடுப்பு ஆணையர் கெயிட் 1910ஆம் ஆண்டு சுற்றறிக்கை விடுத்தார். இவ்விவாதம் நடைபெற்ற காலத்தில், பௌத்தர்கள் தங்களைப் பௌத்தர் என்றே பதிவு செய்ய வேண்டும் என்று தமிழன் தொடர்ந்து வலியுறுத்தியது. பெயர் என்பது வெறும் அடையாளமன்று, உரிமைகள் பதிவாகும் இடம் என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

வாசகர்களும் கிளைகளும்

தமிழன் இதழின் வளர்ச்சி சாக்கிய பௌத்த சங்கத்தின் வளர்ச்சியோடு பிணைந்தது. மாரிக்குப்பம், பெங்களூர், ஊப்ளி, திருப்பத்தூர் முதலிய இடங்களிலும் கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலும் சங்கத்துக்குக் கிளைகளோ தொடர்புகளோ உருவாயின. தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இரயில்வேக்கும் படைப்பிரிவுகளுக்கும் வேலைக்குச் சென்ற தமிழர்கள் வழியாகவே இதழும் பயணம் செய்தது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது.

இவற்றுள் கோலார் தங்கவயல் தனிச்சிறப்பு உடையது. 1880களில் இயந்திரச் சுரங்கத் தொழில் தொடங்கிய அப்பகுதிக்கு வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையாகக் குடிபெயர்ந்தனர். பணி கடினமானதும் உயிருக்கு ஆபத்தானதும் ஆகும். ஆயினும் மாதந்தோறும் கையில் கிடைத்த கூலி, ஊர்ப்புறப் பண்ணையடிமை முறையிலிருந்து அவர்களுக்கு ஓரளவு விடுதலை அளித்தது. அக்கூலியிலிருந்தே அவர்கள் சங்கம், பள்ளி, படிப்பகம், பதிப்பகம் ஆகியவற்றை உருவாக்கினர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் ஆகிய பகுதிகள் பௌத்த இயக்கத்தின் உறுதியான மையங்களாயின. அங்கு இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை, அயோத்திதாசரின் கட்டுரைத் தொடர்களைச் சிறு நூல்களாக வெளியிட்டது.

மறைவும் இதழின் நலிவும்

அயோத்திதாசர் 1914ஆம் ஆண்டு மே 5 அன்று சென்னையில் காலமானார். அவருடைய மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழைத் தொடர்ந்து நடத்தினார். பின்னர் அது நின்றுபோனது.

இதழின் வலிமையாக இருந்தவையே அதன் நலிவுக்கும் காரணமாயின எனலாம். மிகக் குறைந்த விலை ஏழை வாசகர்களை ஈர்த்தது. அதே விலை சேமிப்புக்கு இடமளிக்கவில்லை. பழைய இலக்கியம், நிகண்டு, மருத்துவம், பௌத்தம், அன்றாட அரசியல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கையாண்ட ஆசிரியரின் புலமையே இதழின் முதன்மையான ஈர்ப்பாக இருந்தது. அவருக்குப் பின் அப்பணியை அதே அளவில் ஏற்க ஒருவர் உடனடியாகக் கிடைக்கவில்லை. அரசியல் சூழலும் மாறியது. 1916ஆம் ஆண்டு தோன்றிய நீதிக்கட்சி பிராமணரல்லாதோர் அரசியலைப் பெரிய களத்துக்குக் கொண்டு சென்றது. 1922ஆம் ஆண்டு எம். சி. இராசா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் ஏற்கப்பட்டது. அயோத்திதாசர் மறுத்த இழிபெயர் நீக்கப்பட்டது. எனினும் அவர் வற்புறுத்திய பௌத்த அடையாளம் அரசியலின் மையத்துக்கு வரவில்லை.

கோலாரில் மறுதொடக்கம்

1926ஆம் ஆண்டு தமிழன் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. அயோத்திதாசரின் மாணவர் வரிசையில் வந்த பண்டிதர் ஜி. அப்பாதுரை அதன் ஆசிரியராகப் பொறுப்பேற்றார். இக்காலத்தில் இதழின் தொனி மாறியது. இலக்கியச் சான்றுகளை விரித்துரைக்கும் போக்குக் குறைந்து, பகுத்தறிவு வாதம் மேலோங்கியது. பெரியார் ஈ. வெ. இராமசாமியின் சுயமரியாதை இயக்கத்துக்கு இதழ் ஆதரவளித்தது. கோலார் பௌத்தர்களும் சுயமரியாதை இயக்கத்தினரும் ஒரே மேடைகளில் பேசினர்.

இரண்டாம் காலகட்டத் தமிழன் 1930களின் நடுப்பகுதியில் நின்றது. 1925ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குடி அரசு முதலிய இதழ்கள் அதற்குள் பரவலான வாசகர்களைப் பெற்றிருந்தன. சாதி எதிர்ப்பின் மொழி பௌத்தத்திலிருந்து நாத்திகத்துக்கும், பின்னர் திராவிட அரசியலுக்கும் நகர்ந்தது. அம்மாற்றத்துக்கு வழியமைத்தவற்றுள் ஒன்றான தமிழன், அம்மாற்றத்தின் ஊடாகவே பின்னுக்குத் தள்ளப்பட்டது.

விமர்சனங்கள்

அயோத்திதாசரின் வரலாற்று எழுத்துகள் இன்றைய வரலாற்று முறையியலின்படி ஏற்கத்தக்கவை அல்ல என்னும் விமர்சனம் உண்டு. அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை மொழியியலாளர் ஏற்பதில்லை. கல்வெட்டு, அகழாய்வு முதலிய சான்றுகளை விட ஒலி ஒப்புமை, வாய்மொழி மரபு, ஓலைச்சுவடிகள் ஆகியவற்றையே அவர் மிகுதியாகச் சார்ந்திருந்தார். அவருடைய எழுத்தை நேரடி வரலாறாகக் கொள்ளாமல், வரலாறு மறுக்கப்பட்ட மக்கள் தமக்கான கடந்தகாலத்தை உருவாக்கிக்கொண்ட முயற்சியாகக் காண வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் கூறுகின்றனர்.

ஆங்கிலேய ஆட்சியின் மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கை மற்றொரு விமர்சனத்துக்கு இடமளித்தது. மூன்றாவது விமர்சனம் இவற்றினும் கடுமையானது. தம் சமூகத்தினர் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் என வாதிட்ட அவர், சக்கிலியர், குறவர் முதலிய சமூகத்தினரை இயல்பிலேயே தாழ்ந்தவர்களாக வேறுபடுத்தி எழுதினார். சாதியை மறுத்த ஓர் இதழில் இப்பாகுபாடு இடம்பெற்றதை, அருந்ததியர் சமூக எழுத்தாளர்கள் உள்ளிட்ட பலர் பிற்காலத்தில் சுட்டிக்காட்டியுள்ளனர். அவருடைய பங்களிப்பை மதிப்பிடும் எவரும் இக்குறையைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

மறுகண்டுபிடிப்பு

தமிழன் நின்ற பின்னர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அயோத்திதாசரின் பெயர் தமிழ் இலக்கிய வரலாறுகளிலும் அரசியல் வரலாறுகளிலும் அரிதாகவே இடம்பெற்றது. பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் கவனிக்காத இதழ்களைக் கோலார், வடதமிழகம், சென்னை ஆகிய இடங்களில் வாழ்ந்த தனிமனிதர்கள் தம் வீடுகளில் பாதுகாத்து வந்தனர். அவர்களுள் அன்பு பொன்னோவியம் குறிப்பிடத்தக்கவர். இதழ்களைத் திரட்டிப் பேணியதோடு, அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் வந்தார். பாட்டன் வீட்டில் இருந்த சுவடிகள் குறளைக் காத்தன என்று எழுதிய அயோத்திதாசரின் எழுத்துகளும், அவ்வாறே எளிய மக்களின் வீடுகளில் காக்கப்பட்டன.

1998ஆம் ஆண்டு ஞான. அலாய்சியசு, தமிழ்ப் பௌத்த இயக்கத்தைப் பற்றிய தம் ஆய்வு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1999ஆம் ஆண்டு அவர் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் என்னும் தொகுதிகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. பின்னர் மூன்றாம் தொகுதியும் வெளிவந்தது. அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் எனப் பகுக்கப்பட்ட இத்தொகுதிகள் வெளிவந்த பின்னரே, திராவிட இயக்கத்தின் தோற்றம், தலித் அரசியலின் வேர்கள் ஆகியவை பற்றிய விவாதங்களில் அயோத்திதாசர் தவிர்க்க இயலாதவரானார். ஆய்வாளர் டி. தருமராஜ் இவரைப் பற்றி விரிவான நூல்களை எழுதியுள்ளார்.

1956ஆம் ஆண்டு நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தத்தை ஏற்றார். அயோத்திதாசர் கொழும்பில் பஞ்சசீலம் பெற்று அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. தீண்டப்படாதோர் முற்காலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள் என்னும் கருத்தை அம்பேத்கர் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் முன்வைத்தார். அதே ஆண்டில், தமிழ்ப் பௌத்த வட்டத்தைச் சேர்ந்த இலட்சுமிநரசுவின் பௌத்த நூலை முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார். இரு இயக்கங்களுக்கும் இடையே உள்ள ஒற்றுமை ஆய்வாளர்களால் தொடர்ந்து பேசப்படுகிறது.

நினைவேற்றல்

2005ஆம் ஆண்டு தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அமைத்த அவருடைய மணிமண்டபம் 2023ஆம் ஆண்டு திசம்பர் 1 அன்று திறந்துவைக்கப்பட்டது. தமிழன் இதழுக்கு இரண்டாம் வாழ்வு அளித்த கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன.

முக்கிய எழுத்துகள்

* புத்தரது ஆதிவேதம்
* இந்திரர் தேச சரித்திரம்
* யதார்த்த பிராமண வேதாந்த விவரம்
* வேஷ பிராமண வேதாந்த விவரம்
* நந்தன் சரித்திர தந்திரம்
* அரிச்சந்திரனின் பொய்கள்
* விவாக விளக்கம்
* திருக்குறள் உரை (முற்றுப்பெறாதது)